பாராமகால் பதிவேடு முதல் பென்டிரைவ் வரை: சாவி யார் கையில்?



"கோட்டை, நடுகல், கல்வெட்டு என்றே எழுதுகிறீர்களே, இன்றைக்கு நாங்கள் படும் பாட்டுக்கும் ஏதாவது வரலாறு உண்டா சார்?" என்று சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவர் சொன்ன பாடு இதுதான். வேலைக்குச் சேர ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் பட்டியல், புகைப்படம் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். அங்கிருந்தவர் அத்தனையையும் ஸ்கேன் செய்து, ஒரு பென்டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அத்திப்பள்ளிப் பக்கம் பஸ் ஏறிவிட்டார். அந்தப் பென்டிரைவில் இவருடையது மட்டுமல்ல, இன்னும் பல பேருடைய விவரங்கள் இருந்தன. "அது தொலைந்து போனால் எங்கள் கதி என்ன சார்?"

வரலாறு உண்டு. அதுவும் நம் மண்ணிலேயே தொடங்குகிற வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் நாட்டில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுத்தார். கும்பினிக்குக் கிடைத்த பங்கில் பாராமகாலும் ஒன்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பகுதிகள்தான் அது. ஓசூர் அப்போது வரவில்லை. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் பாலாகாட் என்ற மேட்டு நிலப் பகுதியோடு சேர்ந்து வந்தது.

பாராமகாலை நிர்வகிக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பியது கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு ராணுவத்தாரை அனுப்பக் காரணம், அவர்களுக்கு உள்ளூர் மொழிகள் தெரிந்திருந்ததுதான். அதற்கு முன் வரி என்பது பெரும்பாலும் ஊருக்கு இவ்வளவு என்றோ, குத்தகைக்காரர் வழியாகவோ வசூலானது. ரீட்டும் மன்றோவும் வயல் வயலாக அளக்க ஆரம்பித்தார்கள். எந்த நிலம், எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா, யார் உழுகிறார், எவ்வளவு தீர்வை என்று ஒவ்வொரு குடியானவரின் பெயருக்கு நேராகவும் எழுதினார்கள். ரயத்துவாரி என்று பாடப்புத்தகத்தில் படித்தீர்களே, அது இங்கேதான் உருவெடுத்தது. மன்றோ 1820-ல் சென்னை மாகாண ஆளுநரான பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே முறையானது.

வகுப்பில் இதை வரி வசூல் முறை என்று மட்டுமே சொல்லிக்கொடுப்போம். வேறு கோணத்தில் பாருங்கள். நம் பகுதியில் ஒரு சாதாரணக் குடியானவரின் பெயரும், சொத்தும், கடமையும் தனித்தனி வரியாக அரசாங்கத்தின் ஏட்டில் ஏறியது. இன்றைய பாஷையில் சொன்னால் தனிநபர் தரவு.

அந்த ஏடு எங்கே இருந்தது? கர்ணத்திடம். எல்லைக்கு அந்தப் பக்கம் சானபோகர் என்பார்கள். கிராமக் கணக்கு அவர் பொறுப்பில், பல ஊர்களில் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. பரம்பரையாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் அவர் எழுதியதை நம்பியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஊரில் முழுவதும் அறிந்தவர் அவர் ஒருவரே. அவருக்கு இருந்த மரியாதையும், அவரிடம் இருந்த பயமும் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. அதன் பிறகு வந்தவர்கள்தான் கிராம நிர்வாக அலுவலர்கள்.

ஆக, ஒருவருடைய விவரம் ஏட்டில் ஏறிவிட்டால் மூன்று கேள்விகள் வருகின்றன. யார் எழுதுகிறார்? எங்கே வைக்கிறார்? யார் திறக்க முடியும்? இந்த மூன்றாவது கேள்விக்கு மனிதன் கண்டுபிடித்த விடைதான் மறைகுறியாக்கம். எழுத்தை உருமாற்றிப் பூட்டுவது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளுங்கள்.

இது புதிய கலை அல்ல. அர்த்தசாஸ்திரத்தில் ஒற்றர்கள் மறைவெழுத்தில் செய்தி அனுப்புவது வருகிறது. காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளில் மறைமொழியும் ஒன்று. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவர் கைகோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். பேரம் நடக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். எந்த விரலுக்கு எவ்வளவு என்கிற கணக்கும் பலருக்குத் தெரியும். ஆனால் என்ன விலை என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்.

1883-ல் ஆகஸ்டு கெர்க்காஃப்ஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் இதே கருத்தைத்தான் ராணுவ மறைவெழுத்துக்கு விதியாக எழுதினார். பூட்டும் முறை எதிரிக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், அப்படிப்பட்ட முறையே நல்ல முறை என்றார். இன்றைய கணினிப் பூட்டுகள் அத்தனையும் இந்த விதியில்தான் நிற்கின்றன.

அமெரிக்க அரசு 1977-ல் டி.இ.எஸ். என்ற பூட்டைத் தரமாக அறிவித்தது. கணினிகள் வேகமெடுத்ததும் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1998-ல் அதற்கென்றே செய்த ஓர் இயந்திரம் மூன்று நாளுக்குள் அதை உடைத்துக் காட்டியது. புதிய பூட்டுக்கு உலகம் முழுவதும் போட்டி வைத்தார்கள். 15 முறைகள் வந்தன. அத்தனையும் எல்லோரும் ஆராயும்படி வெளிப்படையாக வைக்கப்பட்டன. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் என்ற இருவரின் முறை வென்று, 2001-ல் ஏ.இ.எஸ். என்ற பெயரில் தரமானது. இன்று உங்கள் வங்கி, வாட்ஸ்அப், பென்டிரைவ் எல்லாவற்றிலும் உழைப்பது அதுதான். அதில் 256 பிட் சாவி என்பார்கள். மொத்தம் எத்தனை விதமான சாவிகள் இருக்கக்கூடும் என்று எழுதினால் 78 இலக்க எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

பூட்டின் கதை இது. இனி பெட்டியின் கதை.

மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தை 1984-ல் உலகுக்கு அறிவித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபூஜியோ மசுவோக்கா. எந்தக் கருவியையும் எந்தக் கணினியிலும் செருகலாம் என்ற யு.எஸ்.பி. முறை 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். இரண்டும் சேர்ந்து 2000-ல் பென்டிரைவ் கடைக்கு வந்தது. முதலில் வந்தவற்றின் கொள்ளளவு 8 எம்.பி. அதுவே ஐந்து ஃபிளாப்பி வட்டுகளுக்கு மேல். இன்று ஓசூர் பஸ் நிலையம் அருகில் வாங்கும் 32 ஜி.பி. பென்டிரைவ் அதைப்போல 4,000 மடங்கு கொள்ளும். கர்ணம் வீட்டுப் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு மாவட்டத்துக் கர்ணங்கள் எல்லோருடைய பெட்டிகளும் இன்று சாவிக்கொத்தில் தொங்கும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. 'டெலிட்' கொடுத்தால் அழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்த மாதிரிதான். பாடங்கள் உள்ளேயே இருக்கும். சாதாரண ஃபார்மட்டும் அப்படித்தான். மீட்டெடுக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மேலே வேறு எதையாவது எழுதி அழிக்கலாம் என்றால், ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். பழையது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான், எழுதுவதற்கு முன்பே பூட்டிவிடுவது நல்லது என்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1971-ல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டரில், தேசிய நெடுஞ்சாலை மேல் இருக்கும் ஓசூர் அதற்குப் பொருத்தமான இடமாக அமைந்தது. 1980 வாக்கில் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டும் வந்தன. 1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் வந்தது. இன்று போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர், ஓசூரில் ஏதர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ். சுற்றிலும் கணக்கில்லாத சிறு பட்டறைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசிய ஊரில் இன்று ஒடியாவும் இந்தியும் டீக்கடையில் கேட்கின்றன.

ஆரம்பக் காலத் தொழிற்சாலைகளில் ஒரு தொழிலாளியின் விவரம் ஒரு காகிதக் கோப்பு. இரும்பு பீரோவில் இருக்கும், சாவி பர்சனல் அலுவலரிடம். இன்று பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கம்பெனிக்கு ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் பிடிக்கும் ஒருவர், தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கும் ஒருவர். ஒரே ஆளின் ஆதார் நகல் இவர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் போகும். ஜூஜூவாடியில் சரக்கு லாரிக்கு வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலம் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அதுவும் போனது. மனிதர்களின் விவரங்கள் எல்லை தாண்டுவதற்குச் சாவடி என்றைக்குமே இருந்ததில்லை.

விவரம் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கூலி வேலை பார்ப்பவரின் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து அவர் பெயரில் போலி நிறுவனம் பதிவு செய்ததும், அவர் வீட்டுக்கு லட்சக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்ததும் தமிழ்நாட்டு நாளிதழ்களில் பலமுறை வந்த செய்தி. வேறொருவர் பெயரில் சிம் வாங்குவது, கடன் எடுப்பது, மோசடிப் பணத்தைச் சுற்றிவிட வங்கிக் கணக்கு தொடங்குவது எல்லாம் நடக்கின்றன. பென்டிரைவைத் தொலைத்தவருக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் நட்டம். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது, ஒடிசாவிலிருந்து வந்து இங்கே ஷிஃப்ட் பார்க்கும் பையன்.

இதைச் சரியாகச் செய்து காட்டிய உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. ஆதார் பதிவுதான் அது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் தரப்பட்டது. முகாம்களில் நம் கைரேகையும் கருவிழியும் எடுத்தார்களே, அந்த நொடியிலேயே ஒவ்வொருவருடைய விவரமும் ஒரு பொட்டலமாகக் கட்டி 2048 பிட் சாவியால் பூட்டப்பட்டது. இணையம் இல்லாத ஊர்களில் அந்தப் பொட்டலங்கள் பென்டிரைவிலும் ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றப்பட்டு, வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டன. பதிவு செய்த ஆபரேட்டரே அதைத் திரும்பத் திறக்க முடியாது. எப்படி? தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம். திறக்கும் சாவி தபால்காரரிடம் மட்டுமே. பூட்ட ஒரு சாவி, திறக்க வேறு சாவி என்ற இந்த முறை 1970-களின் பிற்பகுதியில் கணித அறிஞர்கள் கண்டுபிடித்தது. அப்படிப் பூட்டிய பென்டிரைவ் பஸ்ஸில் தொலைந்தாலும் எடுத்தவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வாங்கிய விவரத்தை அட்டையாக அச்சிட்டுக் கொடுத்த பிறகு, ஜெராக்ஸ் கடை முதல் லாட்ஜ் வரை எல்லா இடத்திலும் நாமே பூட்டில்லாமல் கொடுக்கிறோம். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் மறைக்கப்பட்ட ஆதார் வசதி இன்றும் இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

உலகத்தில் பென்டிரைவையும் வட்டையும் தொலைத்தவர்கள் ஏராளம். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2007-ல் பிரிட்டனின் வரித்துறை இரண்டு குறுந்தகடுகளைக் கூரியரில் அனுப்பியது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரம் அதில் இருந்தது. போய்ச் சேரவில்லை. கடவுச்சொல் இருந்தது, மறைகுறியாக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். வெறும் கடவுச்சொல் என்பது வாசலில் காவலாளியை நிறுத்துவது. பின்பக்கமாக ஏறிக் குதிப்பவரை அவர் பார்க்க மாட்டார். மறைகுறியாக்கம் என்பது வீட்டில் இருப்பதையே யாருக்கும் புரியாததாக மாற்றி வைப்பது.

2017 அக்டோபரில் லண்டன் தெருவில் ஒருவர் ஒரு பென்டிரைவைக் கண்டெடுத்து நூலகக் கணினியில் போட்டுப் பார்த்தார். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், பூட்டே இல்லாமல் இருந்தன. மறுவருடம் விமான நிலைய நிறுவனத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரம். நகராட்சி வேலையை எடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை பார்த்த ஒருவர், ஊர் மக்கள் 4,60,000 பேரின் விவரத்தையும் பென்டிரைவில் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டு மது அருந்தப் போனார். தெருவில் தூங்கி எழுந்தபோது பையைக் காணோம். சில நாளில் கிடைத்துவிட்டது. பென்டிரைவ் மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்ததால் ஊர் தப்பியது. ஆனால் பத்திரிகையாளர் கூட்டத்தில் நகராட்சி அதிகாரி ஒருவர், கடவுச்சொல் 13 எழுத்து கொண்டது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்! ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், வேலை முடிந்ததும் அழிக்காத கோப்பு, அலுவலகப் பொருளோடு வெளியே சுற்றுவது. இதில் எது நம் ஊரில் நடக்காதது?

பூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பூட்டே போலியாக இருக்கலாம். 2010 தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பெயர் பெற்ற சில கம்பெனிகளின் விலை உயர்ந்த, அரசுச் சான்று பெற்ற பென்டிரைவுகளைச் சோதித்தது. உள்ளே ஏ.இ.எஸ். பூட்டு உண்மைதான். ஆனால் கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் வேலையைக் கணினியில் ஓடும் மென்பொருள் செய்தது. சரி என்றால் அது பென்டிரைவுக்கு அனுப்பும் சமிக்ஞை எல்லாக் கருவிக்கும் ஒன்றே. அந்தச் சமிக்ஞையை மட்டும் அனுப்பினால் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்தது. சான்றிதழ் முத்திரை மட்டும் போதாது என்பதற்கு இது பாடம்.

சாவி வைத்திருப்பவரே விற்றுவிடலாம். 2005-ல் டெல்லியில் கடற்படையின் போர் அறை ரகசியங்கள் பென்டிரைவில் வெளியே போன வழக்கு நினைவிருக்கும். கடற்படை அதிகாரிகள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள், பிறகு சி.பி.ஐ. வழக்கை எடுத்தது. உள்ளே இருப்பவரின் கையைப் பூட்டு தடுக்காது. 2008-ல் அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் வைரஸ் புகுந்ததும் மேற்காசியாவிலிருந்த ஒரு தளத்தில் செருகிய பென்டிரைவால்தான். அதனால்தான் பல தொழிற்சாலைகளில் கணினியின் யு.எஸ்.பி. துளையையே அடைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்.

சாவியை மறந்தால் உடையவருக்கும் இல்லை. நல்ல பென்டிரைவில் ஒரு தனிச் சிப் இருக்கும். உண்மையான சாவியை அதுவே உருவாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். நம் கடவுச்சொல் அந்தச் சாவியைத் திறக்கும் சாவி. பத்து முறை தவறாகப் போட்டால் உள்ளே இருக்கும் சாவியை அழித்துவிடும். அமெரிக்காவில் ஒரு கணினி நிரலாளர் 7,002 பிட்காயின்களுக்கான சாவியை அப்படிப்பட்ட பென்டிரைவில் வைத்து, கடவுச்சொல் எழுதிய காகிதத்தைத் தொலைத்துவிட்டார். எட்டு வாய்ப்புகள் போய் இரண்டு மீதி என்று 2021-ல் உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இன்னொரு பக்கம், அரசாங்கமும் சாவி கேட்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி சட்டப்படியான உத்தரவு வந்தால் பூட்டைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு மறைகுறியாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. பூட்டி அனுப்பும் செய்தியின் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். வழக்கு விசாரணைக்கு விவரம் தேவை என்பதும் நியாயம். எல்லோர் வீட்டுச் சாவிக்கும் நகல் ஒன்று அரசிடம் இருந்தால் அது யார் கைக்குப் போகும் என்று கேட்பதும் நியாயம். கர்ணத்தின் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது நியாயத்தின் கனம் புரியும்.

இந்த வழக்கில் நமக்காக வாதாடியவர் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் இருந்தார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 1926-ல் பிறந்தவர். 86 வயதில், 2012-ல், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2024 அக்டோபரில், 98 வயதில் அவர் காலமானார். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்ய முடியும் என்று என் வயதுக்காரர்கள் கேட்டால் இவரைச் சொல்லுவேன்.

அந்தத் தீர்ப்பின் வழியில் 2023-ல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவரத்தைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பாதுகாப்பு நடவடிக்கைகளில் மறைகுறியாக்கத்தை அவை பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். ஒப்பந்த நிறுவனம் நடத்தும் நம் பிள்ளைகள் இப்போதே தயாராவது நல்லது.

என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொல்கிறேன்.

பென்டிரைவில் பிறர் விவரத்தை எடுத்துப் போகாமல் இருக்க முடிந்தால் அதுவே முதல் பாதுகாப்பு. எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பூட்டி எடுங்கள். விண்டோஸ் புரொஃபஷனல் உள்ள கணினியில் பிட்லாக்கர் இருக்கிறது. பென்டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும். 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தரும். அதை அச்செடுத்து பீரோவில் வையுங்கள். மற்றவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம். லினக்ஸில் லக்ஸ் என்ற வசதி கூடவே வருகிறது. அலுவலகம் வாங்கித் தருவதாக இருந்தால், மேலேயே எண் பொத்தான்கள் கொண்ட, கருவிக்குள்ளேயே பூட்டும் பென்டிரைவ் கேளுங்கள்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பிறந்த தேதியும் வண்டி எண்ணும் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். அதைப் பென்டிரைவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதாதீர்கள்! வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும். பென்டிரைவ் திடீரென்று செத்துப்போகும் பொருள். பூட்டிய நகல் இன்னொன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு: மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள். நகலின் மேல் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டும் வசதி இருக்கிறது. சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். பண மோசடி நடந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். மேஸ்திரியிடம், "அண்ணா, எங்க பேப்பர் எல்லாம் எதுல வெச்சிருக்கீங்க, பூட்டு போட்டிருக்கீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. ரீட்டும் மன்றோவும் கொண்டுவந்த முறையில் குறைகள் நிறைய உண்டு. தீர்வை கட்ட முடியாமல் நிலத்தை விட்டு ஓடிய குடிகளின் கதையும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல வழக்கமும் அதில் இருந்தது. ஏடு அரசாங்கத்திடம் இருந்தாலும், அதில் தன்னைப் பற்றி எழுதிய வரியின் நகல் குடியானவர் கையிலும் தரப்பட்டது. அதுதான் பட்டா. இருநூறு வருடத்துக்குப் பிறகும் நம் ஊரில் பட்டாவைப் பீரோவுக்குள், பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறோம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், வேலை முடிந்தால் அழிக்கச் சொல்லவும் புதிய சட்டம் நமக்கு உரிமை தருகிறது. நிலத்தின் பட்டாவுக்குக் காட்டும் அக்கறையை நம் பெயருக்கும் கைரேகைக்கும் காட்டுவோம். வீட்டில் சிப்காட் வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.